விலை எழுதாத சட்டை

பஸ்ஸில் "ஆளிறங்கணும்" என்று ஒரு குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, கொச்சங்காடியில் இறங்க வேண்டியவள் ஃபோர்ட் கொச்சி ஸ்டாண்ட் வரை போய், அங்கிருந்து இரண்டு கையிலும் பையோடு நடந்தே திரும்பி வந்த ஆள் எனக்குத் தெரிந்து அந்த அக்கா ஒருத்திதான். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. ஏன் என்று கேட்டால், கண்டக்டர் முன்னால் நின்றிருந்தான், கூட்டம் வேறு என்பாள். கூட்டம் என்றால் கத்த வேண்டியதுதானே? நானாக இருந்தால் டிரைவர் காது கிழிகிற மாதிரி கத்தியிருப்பேன். என் வாய் எங்கள் தெருவுக்கே தெரியும், அதை விடுங்கள்.

அவளுக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. சாயாக்கடையில் சர்க்கரை போடாமல் சாயாவைக் கொண்டுவந்து வைத்தால் அப்படியே குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். எறணாகுளத்தில் பிராட்வேக்கு நூல் வாங்கப் போனால் கடையின் ஓரமாக நிற்பாள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் தானாகத் திரும்பி "எந்தா சேச்சி?" என்று கேட்கிற வரைக்கும் நிற்பாள். ஒரு நாள் கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை மணி நேரமாக இந்த மனுஷி நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவளையும் கேட்டேன். அவள் சிரித்தாள். "சாரமில்லடி" என்றாள். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைச் சொல்வாள்.

இப்போது அவள் எங்கள் மட்டாஞ்சேரியில் இல்லை. நாலு வருஷமாகிறது. எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கு வீடு வாடகைக்கு விட்டவருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டு போகிற ஆளும் இல்லை. அவளுடைய நம்பரை அழைத்தால் வேறு யாரோ ஒரு பையன் எடுக்கிறான். மூன்று தடவை அழைத்ததில் அவனுக்கு என் குரலே பழகிவிட்டது.

அவள் சிரட்டையில் பட்டன் செய்கிறவள். கொட்டாங்கச்சி என்றால்தான் தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியும். சிரட்டையை ரம்பத்தால் சின்னச் சின்னச் சில்லாக அறுத்து, அரத்தால் ராவி வட்டமாக்கி, உப்புக்காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து, இரண்டு துளை போட்டு, கடைசியில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவுவாள். எண்ணெய் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டும். நான் தையல்கடைகளில் மிஞ்சுகிற துண்டுத் துணியை ஒட்டுப்போட்டுப் பை தைக்கிறவள். என் அப்பா பொள்ளாச்சியிலிருந்து இங்கே ஓட்டல் வேலைக்கு வந்தவர். அவள் அப்பா தூத்துக்குடியிலிருந்து கொப்பரை மூட்டை தூக்க வந்தவர். நானும் அவளும் இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் வாசலில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள். அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கொச்சங்காடியில் ஒரு சுக்கு கோடௌனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அந்த அறைக்குள் போனால் சுக்குத் தூசியும் சிரட்டைத் தூசியும் சேர்ந்து எனக்கு ஏழெட்டுத் தும்மல் வரும். அவள் ஒரு தடவைகூடத் தும்மி நான் பார்த்ததில்லை.

கேட்கத்தான் வராதே தவிர, கொடுக்க நன்றாக வரும். என் கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால், நான் இருக்கிறபோது ஒன்றும் சொல்ல மாட்டாள்; மறுநாள் பார்த்தால் சாணை பிடித்து வைத்திருப்பாள். என் கணவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தது எனக்கு எப்போது தெரியும் என்றால், காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து. வீட்டில் கஞ்சி வைக்க ஆள் இல்லாமல் ரஸ்க் தின்றுகொண்டு படுத்திருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திட்டித் தீர்த்தேன். எங்களிடம் வாங்கிக்கொள்ளவும் மாட்டீர்கள், எங்களுக்கு மட்டும் செய்வீர்கள், நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா என்று கூடக் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதற்கும் அவள் சொன்னது சாரமில்லதான்.

மட்டாஞ்சேரியில் டிசம்பர் வந்தால் எங்களைப் போன்ற கைவேலைக்காரர்களுக்கு ஒரு சந்தை உண்டு. ஒரு பழைய மிளகு கோடௌனைக் கழுவிவிட்டு, மேஜை போட்டு, மூன்று நாள். வெளியூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள், எறணாகுளத்துப் பணக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அந்த மூன்று நாளில் விற்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். அதனால் நவம்பர் பாதியிலிருந்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சோறு பொங்குவேன், குழம்பு வைக்க மறந்துவிடுவேன். என் கணவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நான் சொல்ல வந்த வருஷம் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை கிடைத்தது. ஒரு வாரம் முன்னால் என் வீட்டு முன்னறையில் ஒத்திகை பார்த்தோம். மேஜை அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் சரக்கைப் பரப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். என் பைகள் கோடு தாண்டி வழிந்தன. அவளுடைய பட்டன்களை ஆறு ஆறாக அட்டையில் தைத்து வரிசையாக வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அழகு. எழுந்து வாசலில் போய் நின்று பார்த்தேன், யாரோ புளியங்கொட்டையைக் காயப் போட்டிருக்கிற மாதிரி இருந்தது. நான் மனதில் வைத்துக்கொள்கிறவளா? சொல்லிவிட்டேன். "அக்கா, இப்படி வச்சா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. தூரத்துல இருந்து கண்ணுல படற மாதிரி உயரமா எதையாவது தொங்கவிடுங்க. ஒரு சட்டையில பட்டனைத் தச்சுத் தொங்கவிடுங்களேன்" என்றேன்.

அந்த யோசனை என்னுடையது. இதை எழுதும்போது அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஒரு சட்டை கொண்டுவந்தாள். கருநீலப் பருத்தி, அரைக்கை, ஆண்பிள்ளைச் சட்டை. பழசுதான், ஆனால் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி இருந்தது. அதில் ஆறு பட்டன். அந்த வருஷம் அவள் செய்ததிலேயே நல்ல ஆறு பட்டன் அவைதான் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஏது என்று கேட்டேன். வீட்டில் இருந்தது என்றாள். எங்கேயாவது தெருவோரத்தில் குவித்துப் போட்டு விற்கிற பழைய துணியில் பொறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் சின்னச் சீட்டில் விலை எழுதிக் கட்டியவள் சட்டைக்கு ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

சட்டை வேலை செய்தது. முதல் நாள் வருகிறவர்கள் எல்லாரும் தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்கள். அவள் ஒன்றும் பேச மாட்டாள், அட்டையை முன்னால் நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். விற்பதற்கு வேண்டிய பேச்சையெல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து நானே பேசினேன். நான் சாப்பிடப் போனபோதும், பாத்ரூம் போனபோதும், சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போனபோதும் என் மேஜையை அவள் பார்த்துக்கொண்டாள். அவள் மட்டும் காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழவில்லை. எழ வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு பையை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள். வியர்த்திருந்தது. என்ன அக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் என் மேசையப் பாத்துக்கறியா?" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டில் நாலு நாளாக கேஸ் இல்லை. சிலிண்டர் அன்று மதியம் வருவதாக மெசேஜ் வந்திருக்கிறது. வீடு பூட்டியிருந்தால் வண்டிக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான், அப்புறம் ஒரு வாரம் ஆகும். பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லலாம்; அதற்கு அவர்களைக் கேட்க வேண்டுமே. நாலு நாளாக ரொட்டி தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். எனக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. "போய்ட்டு வாங்க அக்கா. திரும்பி வரும்போது உங்க மேசை காலியா இருக்கும், பாருங்க" என்று பெருமையடித்து அனுப்பினேன்.

அவள் போய் அரை மணி நேரத்தில் ஒரு மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மலையாளிதான், பெங்களூரில் வேலை, மனைவியோடு ஊர் பார்க்க வந்தவர், யூதர் தெரு என்கிற ஜூ டவுனில் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கிறார். இதெல்லாம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டது. வாங்க வருகிறவர்களிடம் கதை பிடுங்குவது என் வழக்கம். அவர் பட்டன் அட்டையைப் பார்க்கவே இல்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இது விற்பதற்கா என்று கேட்டார்.

இங்கே என்ன இருந்தாலும் விற்பதற்குத்தானே சார் என்றேன்.

விலைச்சீட்டு இல்லை. விலை எழுதாததை யாரும் விற்க மாட்டார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். விலை எழுதாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நான் நினைத்தேன். சொன்னேன். கைத்தறி என்றேன், இயற்கைச் சாயம் என்றேன், இந்த ஆறு பட்டனுக்கு மட்டும் ஒரு மாத வேலை என்றேன். அதில் கடைசி ஒன்றுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. அவர் பேரம் பேசவில்லை. போனை எடுத்து அவள் மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தில் காட்டிப் பணம் அனுப்பினார். மூன்று நாளும் பட்டன் விற்று அவள் பார்க்கிற காசு ஒரே சட்டையில் வந்துவிட்டது. நான் சட்டையை ஹேங்கரிலிருந்து கழற்றி மடித்து, என்னுடைய நல்ல பை ஒன்றில் போட்டு, பையை இலவசமாகக் கொடுத்தேன். அத்தனை குஷி எனக்கு.

அவள் வேகவேகமாக நடந்து வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். பணம் வந்த செய்தி அவளுடைய போனுக்குப் போயிருக்கிறது. "யாருடி அத்தனை பட்டன் வாங்கினது?" என்று கேட்டாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் மேலே காட்டினேன். வெறும் ஹேங்கர் ஆடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் அந்த ஹேங்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாச்சு" என்றாள்.

பிறகு உட்கார்ந்து அட்டைகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். சிலிண்டர் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்று தலையாட்டினாள். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. வியாபார வேகத்தில் இருந்தேன்.

சாயங்காலம் மேஜையைக் கட்டும்போதுதான் பார்த்தேன். அந்த வெறும் ஹேங்கரை ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள், கண்ணாடிச் சாமானைச் சுற்றுவதுபோல, மெதுவாக.

"அக்கா, அது யாரு சட்டை?"

"தம்பியோடது."

அவளுக்கு ஒரு தம்பி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கேட்டுக் கேட்டுத்தான் மிச்சத்தையும் வாங்கினேன். அம்மா போன பிறகு அவனை அவள்தான் வளர்த்திருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், வேலை கிடைத்திருக்கிறது போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. சட்டை அன்று கொடியில் ஈரமாகக் கிடந்தது, காயவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் உடுப்பு என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பட்டனை அறுத்துவிட்டு, அந்த வருஷம் செய்ததில் நல்லதாக ஆறு எடுத்துத் தைத்து வைப்பாளாம்.

"போகாதேன்னு நீங்க சொல்லலையா அக்கா?"

"சோறு கட்டிக் குடுத்தேன்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். இந்தக் கணமே ஓடிப்போய் அவரிடம் கேட்டு வாங்கி வருகிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தருவார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், ஆசைப்பட்டு வாங்கினவரிடம் போய்த் திருப்பிக் கேட்பது நன்றாக இருக்காது, நீ போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் பைகளை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, அவர் எங்கே தங்கியிருப்பதாகச் சொன்னார் என்று கேட்டாள். ஜூ டவுனில் பச்சைக் கேட் போட்ட ஹோம்ஸ்டே என்றேன். ஆட்டே, ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதே அவள் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடைசி நாள் விற்பனைக்கு எட்டுப் பைக்கு இன்னும் கைப்பிடி வைக்க வேண்டியிருந்தது. காலையில் அவளுக்குத் தெரியாமல் நானே போய்க் கேட்டுக்கொள்ளலாம், ஒரு ராத்திரியில் சட்டை எங்கே ஓடிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். மனசாட்சியை விட எனக்குப் பை பெரிதாகப் போய்விட்டது.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் ஜூ டவுன் போய்விட்டேன். பச்சைக் கேட்டுக்கு உள்ளே அங்கே வேலை பார்க்கிற பெண் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெங்களூர்க்காரர்கள் அதிகாலை ரயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள் என்றாள். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தையிலிருந்து வருகிறாயா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு அதிசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு சேச்சி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாளாம். கேட்டைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றாள். மாடியிலிருந்து அந்த சாரே பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சந்தையில் வாங்கின புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் சேச்சி என்று கேட்டார். சட்டை விஷயமா, பணம் வந்து சேரவில்லையா, குறைச்சலாக வந்ததா என்று மாற்றி மாற்றிக் கேட்டார், பர்ஸைக்கூட வெளியே எடுத்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பட்டனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது ஒண்ணு கூடுதலா இருக்கட்டும் மோனே. ஒண்ணு அறுந்துபோனா தச்சுக்கலாம்" என்று சொன்னாளாம்.

சொல்லிவிட்டும் போகவில்லை. காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கையை நீட்டி அதை நேராக்கிவிட்டாள். பிறகுதான் போனாள். ஒரு பட்டன் கொடுப்பதற்காக இவ்வளவு தூரம் நடந்து வருகிற வியாபாரியை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று சார் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண் எனக்குச் சாயா போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

நான் கோடௌனுக்குப் போய்ச் சேரும்போது கதவு திறந்து நேரமாகியிருந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். தன் மேஜையை விரித்துவிட்டு, என் மேஜையையும் விரித்து, பைகளைப் பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவள் கேட்கவில்லை. எங்கே போயிருந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா, மன்னிப்பீர்களா என்று கேட்பது. அவ்வளவுதான். பெரிய பேச்சில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அன்று வாய் ஓயாமல் பேசினேன், எட்டுப் பையும் விற்றது. நடுவில் ஒரு ஐம்பது தடவையாவது அவள் பக்கம் திரும்பியிருப்பேன். அவள் தலைகுனிந்து ஒரு பட்டனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மேஜையை மடக்குகிற வரைக்கும் ஒரு கை நீளத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கவில்லை.